சின்னத் தாத்தா, நீங்க சொல்லுங்க

பொங்கலுக்கு அண்ணன் பேத்தி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். அண்ணன் அந்தக் காலத்திலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர். நம் ஊரில் சொல்வோமே, சொல்தா குடும்பம். பேத்திக்கு இப்போது 25 வயது. தமிழ் பேசுவாள், ஆனால் வீட்டுப் பேச்சு அளவுக்குத்தான்.

காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அம்மா கைபேசியில் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டு, "25 ஆயிடுச்சில்ல, வந்துடுச்சு" என்று சிரித்தாள். என்ன கடிதம் என்று என் மருமகள் கேட்டாள். பெண்ணுக்குச் சொல்லத் தமிழ் வரவில்லை. "சின்னத் தாத்தா, நீங்க சொல்லுங்க" என்று கைபேசியை என் பக்கம் தள்ளினாள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனைக்கு அழைப்பு. அங்கே 25 வயதிலிருந்து 65 வரை எல்லாப் பெண்களுக்கும் உண்டு. முதல் இரண்டு சோதனைகள் ஓராண்டு இடைவெளியில், பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. 30க்கு மேல் வைரஸ் சோதனை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பிரெஞ்சில் அதற்கு 'ஃப்ரோத்தீ' என்று பெயர், தேய்த்து எடுப்பது என்று பொருள். படிக்கும்போது யாருக்கும் கூச்சம் வராத சாதாரணச் சொல்.

அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை எத்தனையோ மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான். மருமகள் எதிரே 'கருப்பை வாய்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

சொல்லும்போதே என் அக்கா நினைவுக்கு வந்தாள். 1986இல் போனாள், 47 வயது. மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரப்போக்கு இருந்திருக்கிறது. ஒரு வருடம் போல யாரிடமும் சொல்லவில்லை. "பொம்பளை சமாச்சாரம்" என்று அம்மா முடித்துவிட்டாள். அத்தானுக்கே தெரியாது. நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன், மெலிந்துகொண்டே வந்தாள், ஏன் என்று கேட்கவில்லை. பெண்களிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது நேரம் கடந்துவிட்டது.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றிப் பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கி, 15, 20 ஆண்டுகள் எடுத்துத்தான் புற்றாக மாறுகிறது. அத்தனை வருட அவகாசம். நம்மூரில் செய்யும் எளிய சோதனையில் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுகிறார்கள், காடியில் இருப்பதுதான். ஒரு நிமிடத்தில், மாறுதல் அடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் பல ஆண்டுகள் இதை நடத்திப் பார்த்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள்: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. இந்திய அரசின் வழிகாட்டுதலே 30 வயது முதல் 65 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. ஆனால் நம் வீட்டுக்குக் கடிதம் வருவதில்லை.

மருமகளுக்கு வயது 32. "எனக்கு யாரும் சொன்னதே இல்லையே மாமா" என்றாள். இரண்டு வாரம் கழித்துத் தானே போய்வந்தாள். சீட்டு வாங்கும் இடத்தில், "என்ன பிரச்சனை?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்லைங்க, சோதனைக்கு வந்தேன்." "ஒண்ணுமில்லன்னா எதுக்கும்மா வந்தீங்க?" வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். உள்ளே இருந்த செவிலியர் நல்லவர். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்தாராம். ஐந்து நிமிடம். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

போன வாரம் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அழைத்துப் போனாள். 30 வயது, கல்யாணம் ஆகவில்லை. சன்னலில் இருந்தவர், "கல்யாணம் ஆச்சா? இல்லையா? அப்ப இது உனக்கு எதுக்கு?" என்று உரக்கக் கேட்க, அந்தப் பெண் அப்படியே திரும்பி வந்துவிட்டாள். தேவையா இல்லையா என்பதை உள்ளே மருத்துவர் தனியாகக் கேட்டுச் சொல்ல வேண்டும். இருபது பேர் காதுபடக் கேட்கிற கேள்வியா அது?

அந்தச் சன்னல்காரரையும் முழுக்கத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் 34 வருடம் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவன். விதவை உதவித்தொகைக்கு வந்த பெண்களிடம் நான் என்னென்ன கேட்டேன், எவ்வளவு சத்தமாகக் கேட்டேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை இருவரும் வேறொரு மருத்துவமனைக்குப் போகிறார்கள். பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலை எனக்கு.