தடவல்

மார்ச் 28, 2025, வெள்ளி

பி ஷிஃப்ட். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே போனை நடுவில் வைத்துப் பத்துப் பேர் ஐபிஎல் பார்த்தோம். புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கிய பிறகும் கடைசி ஓவர்களுக்காக ரோட்டோரமே நின்றோம். ஆர்சிபி 196. நம்ம சென்னை 146-க்கு 8. சேப்பாக்கத்தில் ஆர்சிபி ஜெயித்தது 2008-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

தோற்றது கூடப் பரவாயில்லை. தோனி ஒன்பதாவது ஆளாக வருகிறார், அஸ்வினுக்கும் பின்னால்! வந்து 16 பந்தில் 30. அதில் பாதி, ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு அடித்தது. பஸ்ஸில் வந்த பீகார் பையன்கள் ஒவ்வொரு சிக்ஸுக்கும் கத்தினார்கள். தோனியின் ராஞ்சி அவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. கிரேன் ஆபரேட்டர் அண்ணன் மட்டும், "இப்ப அடிச்சு இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு ரோட்டோரம் விட்டிருந்த பைக்கை எடுத்தார்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் லீவு. பக்கத்து வீட்டு பிரியாணி மதியமே வந்துவிட்டது.

நேற்று குவாஹாத்தியில் 6 ரன்னில் தோல்வி. தோனி 11 பந்தில் 16. ஆட்டம் முடிந்ததும் கோச் ஃபிளெமிங் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார்: முட்டி பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது, அன்றன்றைக்கு அவரே பார்த்து முடிவு செய்கிறார் என்று. 2023 கோப்பையை வாங்கிய கையோடு அறுவை செய்துகொண்ட முட்டி. வயது 43.

"முடியலைன்னா உட்கார வேண்டியதுதானே" என்று டீக்கடையில் ஒருத்தர். நான் விடவில்லை. இருபது ஓவர் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி எழுவது என்றால் 120 தடவை. முட்டி வலிக்காரன் வீட்டில் பத்துத் தடவை குந்தி எழுந்து பார்க்கட்டும். எங்கள் மில்லில் முதுகு போன சீனியர் ஃபிட்டரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். வேலைமேல் அக்கறை இல்லாதவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் அவர் இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். இங்கே அதைத்தான் செய்யவில்லை.

ஏப்ரல் 5, சனி

இன்று முழுக்கப் பார்த்தேன். மூன்றரை மணி ஆட்டம், வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டில் பெரியப்பா, நான், தம்பி, தம்பியின் சிநேகிதர்கள். டெல்லி 183. ராகுல் 51 பந்தில் 77.

நம்ம பக்கம் பதினோராவது ஓவரிலேயே ஐந்து பேர் போய்விட்டார்கள், 74 ரன். தோனி இறங்குகிறார். இன்னும் 110 வேண்டும், ஓவருக்குப் பன்னிரண்டு போல. எதிர்முனையில் விஜய் சங்கர், நம்ம தமிழ்நாட்டுப் பையன். சேப்பாக்கம் மைதானத்தில் தோனியின் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றோடு ஓய்வு என்று காலையிலிருந்தே ஊரெல்லாம் பேச்சு.

அப்புறம் நடந்தது கடைசி வரைக்கும் தடவல். லாங் ஆனுக்கு ஒன்று, டீப் மிட்விக்கெட்டுக்கு ஒன்று, நடுவில் ஒரு டாட். விஜய் சங்கர் 43 பந்தில் அரைசதம். அரைசதம் வந்ததும் கை தட்டலாமா வேண்டாமா என்று தம்பி கேட்டான். முடிவில் அவர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இரண்டு பேரும் நாட் அவுட். ஸ்கோர் 158-க்கு 5. இருபத்தைந்து ரன்னில் தோல்வி.

பெரியப்பா சிரித்துவிட்டார். அவர் சொன்ன கதை: 1975 ஜூன் 7, லார்ட்ஸ், முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 334 அடித்தது. கவாஸ்கர் அறுபது ஓவரும் நின்று 174 பந்தில் 36 நாட் அவுட். இந்தியா 132-க்கு 3. மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டு ஆரணி கடைத்தெருவில் பெரியவர்கள் இதே சண்டையைப் போட்டார்களாம்: பிட்ச் கெட்டுப்போனதா, ஆளுக்கு மனசு இல்லையா. "அம்பது வருஷமா பதில் கெடைக்கல. நீங்க ஒரே சாயங்காலத்துல கண்டுபிடிச்சிடுவீங்களா?"

எனக்கு உறுத்துவது இன்று மிச்சம் இருந்த ஐந்து விக்கெட். 158-க்கு ஆல் அவுட் ஆகியிருந்தாலும் இதே இருபத்தைந்து ரன் தோல்விதான். கையில் ஐந்து விக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஏரிக்குள் மேட்ச். விடிகாலையில் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து தெளித்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டிப் பிட்ச் போட்டோம். களிமண். எட்டு மணிக்குப் பந்து வழுக்கிக்கொண்டு நேராக பேட்டுக்கு வரும். பத்து மணிக்கு மேல் மேல்மண் காய்ந்து பொடியாகிவிடும். அதில் பட்ட பந்து ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழும்பும். இரண்டாவது இறங்கிய நாங்கள் பூராப் பேரும் பந்து வருவதற்கு முன்னாலேயே பேட்டைச் சுழற்றி, கவருக்கு லட்டு லட்டாக கேட்ச் கொடுத்தோம்.

இடைவேளையில் தர்பூசணியோடு நேற்றைய ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. "பந்து நின்னு வந்துச்சுப்பா, இன்னா பண்ணுவான்?" என்று எங்கள் கீப்பர். பகல் ஆட்டம், பனியும் கிடையாது, நேரம் போகப் போக பிட்ச் இன்னும் மந்தமாகியிருக்கும் என்பது அவன் கட்சி. நியாயம்தான். ஆனால் நின்று வரும் பந்தைத் தட்டிவிட்டு இரண்டு ஓட எந்தப் பிட்ச் தடுத்தது? நேற்று ஒன்றை இரண்டாக்கவே அங்கே ஆள் இல்லை. ஒருவருக்கு முட்டி, இன்னொருவருக்குப் பயம். 2019 உலகக் கோப்பையிலிருந்து விஜய் சங்கரை 'த்ரீ டி' என்று கேலி செய்து கேலி செய்து, அவுட் ஆகக்கூடப் பயப்பட வைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். இதைச் சொன்னதும் கீப்பர், "நீ இன்னா அவனுக்கு மாமனா?" என்றான்.

சேப்பாக்கம் பிட்சைத் தங்களாலேயே கணிக்க முடியவில்லை, சொந்த ஊர் சாதகம் என்று எதுவும் இல்லை என்று ஃபிளெமிங் ஆர்சிபி ஆட்டத்தன்றே சொல்லிவிட்டார். ஏரிக்குள் பிட்ச் போடும் எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, போட்டவனே ஆடுகிறான்.

ஏப்ரல் 9, புதன்

நேற்று முல்லான்பூர். பிரியான்ஷ் ஆர்யா என்கிற பையன் 42 பந்தில் 103. நம்ம பக்கம் கான்வே 49 பந்தில் 69 அடித்திருந்தபோது 'ரிட்டயர்ட் அவுட்' என்று உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தோனி முன்னாலேயே இறங்கி 12 பந்தில் 27. பதினெட்டு ரன்னில் தோல்வி. ஆக, மேலே இறங்க முடிகிறது. கேன்டீனில் இதைச் சொன்னதும் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வேறு மேஜைக்குப் போனார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் அடி, சீசனே போச்சு. தோனி மறுபடி கேப்டன். சேப்பாக்கத்தில் 103-க்கு 9. கொல்கத்தாவின் நரைன் 13 ரன் கொடுத்து 3 விக்கெட், தோனி உட்பட. பிறகு அதே நரைன் அதே பிட்சில் 18 பந்தில் 44. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்து தோல்வி, சென்னைக்கு இதுவரை இல்லாதது.

கிரேன் அண்ணன் போன் செய்தார். "பிட்ச் நமக்கு மட்டும் ஸ்லோவாம்பா." சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலையில் பெரியபாளையம் கோயிலில் நிற்க இடமில்லை. ராத்திரி லக்னோவில் ஜெயித்தோம், ஒருவழியாக! 167 வேண்டியிருந்த ஆட்டம், மந்தமான பிட்ச். பதினைந்து ஓவரில் 111-க்கு 5. தோனி வந்து 11 பந்தில் 26, ஒற்றைக் கையால் ஒரு சிக்ஸ். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. எனக்கு ஏன் கொடுக்கிறீர்கள், நூர் நன்றாகப் போட்டாரே என்று அவரே கேட்டார்.

தெருவில் பட்டாசு. பீகார் பையன்கள் இப்போதுதான் வீடியோ காலை வைத்தார்கள்.

தோனிக்கு எதிர்முனையில் துபே 37 பந்தில் 43 நாட் அவுட். கணக்குப் போட்டேன்: நூறு பந்துக்கு 116. டெல்லி ஆட்டத்தில் விஜய் சங்கர் அடித்தது நூறுக்கு 127க்கும் மேல். துபேயைத் தடவல் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 'பொறுப்பா நின்னான்' என்கிறார்கள். இலக்கு வேறு, நிலைமை வேறு என்று கிரேன் அண்ணன் சண்டைக்கு வருவார். வரட்டும், நாளை ஏ ஷிஃப்ட், பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்தான் எனக்கு.