பொருளும் சிக்கனமும்

'எகானமி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால், நம்மவர் இருவகையாக விடையளிப்பர். செய்தித்தாள் படிப்பவர் 'பொருளாதாரம்' என்பார். வீட்டுக் கணக்கு எழுதுபவர் 'சிக்கனம்' என்பார். இரண்டும் சரியே. ஆயினும் ஒன்று நாட்டைப் பற்றியது. மற்றொன்று அடுப்பங்கரையைப் பற்றியது. ஒரே சொல் இவ்விரண்டிற்கும் எவ்வாறு வந்து பொருந்திற்று என்று ஆராய்வது, ஊரைவிட்டு வந்து அளவான வருவாயில் குடித்தனம் நடத்தும் நம் போன்றோர்க்குப் பயனற்ற வேலையன்று.

அச்சொல்லின் பிறப்பிடம் கிரேக்க மொழி. 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. 'நோமோஸ்' என்றால் முறைமை. இரண்டுஞ் சேர்ந்த 'ஓய்க்கொனோமியா' என்பது இல்லத்தை முறைப்பட நடத்துதலைக் குறிக்கும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபோன் என்பார் இதைப் பற்றி ஓர் உரையாடல் நூலே எழுதினார். பாத்திரம் பண்டங்களை எங்கெங்கே ஒழுங்காக வைக்க வேண்டும் என்பதுங்கூட அதில் பேசப்படுகிறது. அரிஸ்டாட்டில், இல்லத்துக்கு வேண்டியதைத் தேடிப் பேணுவது வேறு, பணத்தின்மேல் பணமாகக் குவித்துக்கொண்டே போவது வேறு என்று பிரித்துக் காட்டினார்.

பின்னாளில் ஐரோப்பியர் நாட்டையே ஒரு பெரிய இல்லமாகக் கருதி, 'அரசியல் பொருளாதாரம்' என்று வழங்கலாயினர். 1776-இல் ஆடம் ஸ்மித் நாடுகளின் செல்வத்தைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். 1890-இல் ஆல்பிரட் மார்ஷலின் நூல் வந்தபின் அரசியல் என்ற அடைமொழி கழன்று, 'எகனாமிக்ஸ்' என்னும் பெயரே நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் ஒரு நாட்டின் உற்பத்தி, வாணிகம், வேலை ஆகிய அனைத்தையும் திரட்டி ஒரே பொருளாகக் காட்டும் சொல்லாக 'எகானமி' வளர்ந்துவிட்டது. வீட்டில் பிறந்த சொல்லுக்கு வீடு மறந்துபோயிற்று.

நம் மொழியின் கதை வேறு. தமிழில் 'பொருள்' என்றால் பண்டம்; செல்வம்; சொல்லின் கருத்து. வடமொழியில் 'அர்த்தம்' என்பதும் அவ்வாறே செல்வத்தையும் கருத்தையும் ஒருங்கே குறிக்கும். நாமோ அர்த்தத்தைக் கருத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். வடக்கே வந்து குடியேறிய நம் குழந்தைகள் பள்ளியில் 'அர்த்தசாஸ்திரம்' என்று இந்தியில் படிப்பது பொருளாதாரப் பாடத்தை. கௌடில்யரின் பழைய நூலுக்கும் அதுவே பெயர். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அளித்த சுவடியினின்று மைசூர் ஷாமா சாஸ்திரியார் அந்நூலை 1909-இல் பதிப்பித்தார் என்பது நாம் பெருமையோடு நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

வள்ளுவர் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் 'பொருள் செயல்வகை' ஒன்றே ஒன்று. அரசு, அமைச்சு, நட்பு, உழவு, நல்குரவு, மருந்து என எல்லாம் அப்பாலில் அடங்கியுள்ளன. பணம் பண்ணுவது மட்டும் பொருளன்று; மக்கள் வாழ்வதற்கு வேண்டிய ஏற்பாடு அனைத்தும் பொருளே என்பது இதனால் விளங்கும்.

இனிச் சிக்கனத்துக்கு வருவோம். இச்சொல்லுக்கு இறுக்கம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. முன்பதிவுச் சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் நமக்கு இப்பொருளின் உண்மை நாள்தோறும் விளங்கும். 2021-இல் நம் இரயில்வே, குளிர்வசதி மூன்றடுக்கில் 'எகானமி' என்றொரு வகுப்பைத் தொடங்கிற்று. தமிழ்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம், "தம்பி, எகானமின்னா என்ன? ஏசி கிடையாதோ?" என்று கேட்டார். "ஏசி உண்டு ஐயா. கட்டணம் சற்றுக் குறைவு. மற்றப் பெட்டியில் 72 படுக்கை, இதில் 83. இடந்தான் கொஞ்சம் நெருக்கம்" என்றோம். "அப்படியானால் எனக்குப் பழக்கந்தான்" என்று சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிச் சென்றார்.

அரசாங்கமும் அவ்வப்போது 'எகானமி நடவடிக்கை' என்று சுற்றறிக்கை விடுவதுண்டு. 2014 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் திட்டமல்லாச் செலவில் 10 விழுக்காடு குறைக்கவும், அதிகாரிகள் விமானத்தில் முதல் வகுப்பில் செல்வதை நிறுத்தவும் ஆணையிட்டது. இங்கே எகானமி என்பது வெட்டு. ஆக, இல்லத்தின் ஒழுங்கு என்று பிறந்த சொல், நாட்டின் செல்வமாகி, நெருக்கமான படுக்கையாகி, செலவு வெட்டாகவும் ஆகிவிட்டது.

சிக்கனத்துக்கு நம் பாட்டிமார் வழங்கிய சொல் 'கட்டுச்செட்டு'. அதன் அருகிலேயே கஞ்சத்தனம், கருமித்தனம், உலோபம் ஆகியவையும் நிற்கின்றன. ஒரே செயலுக்கு ஆளுக்கேற்பப் பெயர் மாறுவதும் உண்டு. செல்வர் கதர் உடுத்தினால் எளிமை. நடுத்தரத்தார் உடுத்தினால் சிக்கனம். ஏழைக்கு மாற்றுத்துணி இல்லாததை வறுமை என்று சொல்லக் கூசி, அதையுஞ் சிக்கனம் என்று சொல்லிவிடுகிறோம். இந்தக் கடைசிப் பெயர்மாற்றமே நம்மை அச்சுறுத்துவது. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு விடுப்பில் ஊர் சென்றிருந்தோம். நம் தாயாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்று மருத்துவர் எழுதியிருந்தார். ஒருநாள் காலை அவர் பாக்குவெட்டியால் மாத்திரையை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை மூக்குப்பொடி டப்பியில் பத்திரப்படுத்துவதைக் கண்டோம். ஏனம்மா என்று கேட்டதற்கு, "முப்பது மாத்திரை அறுபது நாளைக்கு வருதுப்பா. கட்டுச்செட்டா இருந்தாத்தானே நீ அனுப்புறதுல பேத்திக்கு ஏதாச்சும் சேர்த்து வைக்கலாம்" என்றார். அவர் குரலில் வருத்தமில்லை. திறமையாகக் குடித்தனம் நடத்தும் ஒருவரின் பெருமிதமே இருந்தது. அன்றே அளந்து பார்த்தபோது இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அம்மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றியே கிடைக்கும் என்பதைச் சொல்லி, அங்கே அழைத்துச் சென்று பெயரைப் பதிவு செய்தோம். இப்போது முழு மாத்திரை உட்கொள்கிறார். டப்பியில் சேர்த்து வைத்திருந்த பாதிகளை எறிவதற்கு மட்டும் அவருக்கு மனம் வரவேயில்லை.

அன்று முதல் இவ்வினா நம்மை விடவில்லை: மாத்திரையை நறுக்குவது சிக்கனமா? வேண்டாததைக் குறைத்து வேண்டியதைக் காப்பதே சிக்கனம் என்றால், இது சிக்கனம் ஆகாது. வள்ளுவர் மருந்தைப் பொருட்பாலில் வைத்திருக்க, நாம் அதைச் செலவுப் பட்டியலின் கடைசி வரியில் வைத்தால், அது கணக்கின் பிழையன்றி வேறென்ன?

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்றவர்; காந்தியடிகளின் வழியில் கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். சிறையிலிருந்தபோது அவர் எழுதிய நூலில், இயற்கையில் ஐந்துவகைப் பொருளாதாரம் உண்டென்றார். பிறவுயிரைக் கொன்று உண்ணும் புலியினது கடைநிலை. குஞ்சுக்குக் கைம்மாறு கருதாமல் இரையூட்டும் தாய்ப்பறவையினது தலைநிலை. அதற்குத் தொண்டுப் பொருளாதாரம் என்று பெயரிட்டார். கணக்கர் ஒருவர் தாய்மையைப் பொருளாதாரத்தின் உச்சியில் வைத்தது வியப்பன்றோ!

ஆனால் நாட்டுக் கணக்கோ அவ்வாறு வைப்பதில்லை. கடையில் இட்லி மாவு வாங்கினால் அது உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் ஏறும். இல்லத்தரசி வீட்டிலேயே அரைத்தால் அவருடைய உழைப்பு ஏறாது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். 'எகானமி' என்று கிரேக்கர் எதற்குப் பெயரிட்டார்களோ, அந்த இல்ல நிர்வாகத்தின் பெரும்பகுதி இன்று எகானமிக்கு வெளியே நிற்கிறது.

நாட்டுக் கணக்கைத் திருத்தும் ஆற்றல் நமக்கில்லை. வீட்டுக் கணக்கைத் திருத்தலாம். இல்லத்தில் 'சிக்கனம்' என்ற சொல் எழும்போதெல்லாம், குறைவது எது, குறைத்துக்கொள்பவர் யார், யாருக்காக என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். எப்போதும் ஒருவரே, அதுவும் தாயோ மனைவியோ, தம் உணவையும் மருந்தையும் குறைத்துக்கொண்டிருந்தால், அதற்கு வேறு பெயர் தேடவேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அனுப்பிய அன்று, 'பணம் வந்து சேர்ந்ததா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது?' என்றுங் கேட்போமாக. இருக்கவேண்டியதைவிட மிகுதியாக இருந்தால், அது மகிழத்தக்க சேமிப்பன்று.