மாத்தளையில் ஒரு துண்டு கித்துள் கட்டி

2010இல் வவுனியாவில் பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த அக்காதான் கூட்டிப் போனார். 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. சித்தி மட்டும் லயத்திலேயே தங்கிவிட்டார்.

நாலந்தா தாண்டியபின் வீதியோரமெல்லாம் வாசனைத் தோட்டங்கள். நாங்கள் சின்னப் பக்கெட்டில் வாங்கும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் அங்கே கொடியிலும் மரத்திலும் கிடந்தன.

சித்தி கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, தடித்த ரொட்டி சுட்டு, அம்மியில் அரைத்த சம்பலோடு தந்தார். இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை மலையில் கொழுந்து எடுக்கலாமாம். எனக்கு ஒன்றே போதுமென்றாகிவிட்டது.

பிறகு வெறும் தேநீரும் ஒரு துண்டு கித்துள் கட்டியும். கித்துள் மரத்தின் பூந்தண்டைச் சீவி, வடியும் இனிப்பு நீரைக் காய்ச்சிச் செய்வது. (வாங்குவதானால் சீனி கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.) வாயில் போட்டதும், "இது எங்கட பனங்கட்டியெல்லோ!" என்றேன்.

"பனங்கட்டியா? அது எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார் சித்தி.

அடுத்த முறை கொண்டு வருகிறேன் என்றேன். எங்கள் வளவில் எத்தனை பனை தலையோடு நிற்கிறதென்று அப்போது எனக்குத் தெரியாது.