முதல் மெஷின் எது?

பட்டறை என்று சொன்னாலும், வீட்டுப் பின்பக்கம் தகரம் வேய்ந்து இறக்கிய ஒரு சாய்ப்புதான். மதுரை நத்தம் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில், அறுபதை நெருங்கும் ஆசாரி ஒருவர் அங்கே நிலை, கதவு, அலமாரி செய்து கொடுக்கிறார். சுவரோரம் இழைப்புளி, கொட்டாப்புளி, அவருடைய அப்பா காலத்து மூலைமட்டம். நடுவில் கிடந்த மேசையில் மெஷின்கள். என் அக்கா மகனுக்கு வீட்டில் சிறியதாக ஒரு மரவேலைப் பட்டறை போட ஆசை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். சனி, ஞாயிறு கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறான். என்ன வாங்கலாம் என்று கேட்க அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அவன் செல்போனில் பட்டியல் வைத்திருந்தான். பதினோரு மெஷின்கள். ஆசாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"மெஷின் எல்லாம் எழுதியிருக்கீக தம்பி. என்ன சாமான் செய்யப் போறீகன்னு எழுதலையே?"

புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்ட், ஒரு டீப்பாய். எல்லாமே பிளைவுட்டில். அதைக் கேட்டதும் அவர் முதலில் நீக்கச் சொன்னது எலக்ட்ரிக் பிளானரை. 82 மில்லிமீட்டர் அகல பிளேடு சுழலும் அந்த மெஷின் தேக்கு, வேங்கைச் சட்டங்களை இழைத்துத் தள்ளும். பிளைவுட் முகத்தில் வைத்தால் மேல் வெனீரைத் தின்றுவிடும். கதவு செய்கிற அவருக்கு அது இல்லாமல் முடியாது. பையனுக்கு அது வேண்டாத செலவு.

அடுத்து நீக்கச் சொன்னதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார். நாலு இஞ்ச் கிரைண்டர், அதில் மாட்ட ஒரு மர பிளேடு. விலை குறைவு, கையடக்கம், கம்பியும் அறுக்கும், பலகையும் அறுக்கும் என்று நம்மூரில் பாதிப் பேர் முதலில் வாங்குவது இதைத்தான். ஆசாரி இடது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. ஒரு வீட்டு வேலையில் கடைசி நாள், மெல்லிய ரீப்பர் ஒன்றை அறுக்கும்போது போனது என்றார்.

அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். தேய்க்கவும் இரும்பை அறுக்கவும் செய்த வேகம் அது. கல் போன்ற தட்டு இரும்பில் உரசிக்கொண்டே போகும். பல் வைத்த பிளேடோ மரத்தில் கவ்வும். முடிச்சு குறுக்கிட்டாலோ, வெட்டு வாய் மூடிக்கொண்டாலோ, பிளேடு நின்று மெஷின் கையை உதைக்கும். ஒரு கையால் பிடித்திருந்தால் அது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கிரைண்டரோடு வரும் கையேட்டிலேயே பல் பிளேடு மாட்டக் கூடாது என்று அச்சடித்திருக்கும். அந்தத் தாளைப் படிக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகி 'டேபிள் சா' ஆக்குவதும் இதே ரகம்தான். ஆசாரியும் அப்படி ஒன்று வைத்திருந்தார். விரல் போன வாரமே கழற்றிப் போட்டுவிட்டார்.

பலகை அறுக்க அவர் சொன்னது ஏழு இஞ்ச் சர்க்குலர் சா. சுமார் 5,000 சுற்றுதான். கீழ்ப்பக்கக் கவசம் ஸ்பிரிங்கில் இயங்குகிறது. வெட்டி முடித்துத் தூக்கியதும் தானாக வந்து பிளேடை மூடிக்கொள்ளும். இரண்டு கையாலும் பிடிக்கலாம். நேரான ஒரு அலுமினியப் பட்டியைப் பலகையில் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டியே ஓட்டினால் எட்டடி ஷீட்டும் கோணாமல் வரும். மெஷினோடு வருவது பெரும்பாலும் 24 பல் பிளேடு. மைக்கா ஒட்டிய பலகை விளிம்பு சிதறாமல் இருக்க 60 பல் தேவை. "மெஷின் வாங்குற காசுல கொஞ்சம் பிளேடுக்கு ஒதுக்கி வையுங்க" என்றார். நல்ல பிளேடு மாட்டிய சாதாரண மெஷின், மட்டமான பிளேடு மாட்டிய விலையுயர்ந்த மெஷினைவிடச் சுத்தமாக வெட்டும். அங்கேயே இரண்டையும் ஓட்டிக் காட்டினார். விளிம்பைத் தடவிப் பார்த்தாலே தெரிந்தது.

டிரில் இல்லாமல் பட்டறை இல்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் 1895-இல் செய்த கை டிரில்தான் மின்சாரக் கைக்கருவிகளுக்கெல்லாம் மூத்தது. வீட்டு மரவேலைக்கு 12 வோல்ட் பேட்டரி டிரில் போதும். கழுத்தில் கிளட்ச் வளையம் உள்ளதாகப் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்க்ரூ தலை பிளைக்குள் புதைந்துவிடும். பேட்டரி இரண்டு இருப்பது நல்லது. அடுத்தடுத்து வாங்குகிற பேட்டரி மெஷின்களும் அதே கம்பெனி, அதே வோல்ட் என்றால் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வளைவு வெட்ட ஜிக்சா. 1946-இல் ஆல்பர்ட் காஃப்மன் என்ற சுவிஸ் பொறியாளர், மனைவியின் தையல் மெஷினில் ஊசிக்குப் பதில் ரம்பப் பிளேடைப் பொருத்தியதில் பிறந்த கருவி என்பார்கள். அதன் ஏற்ற இறக்க ஓட்டத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. பையன் செய்யப்போகும் மூன்று சாமானிலும் வளைவு இல்லை என்பதால் அதுவும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. டிரிம்மர் மட்டும் மூன்றாவது மாதத்துக்கு: 6 மில்லிமீட்டர் பிட் மாட்டினால் மைக்கா ஓரம் சீவும், காடி எடுக்கும்.

கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டியது, மோட்டாருக்கான கார்பன் பிரஷ் இதே ஊரில் கிடைக்குமா என்பது. தேய்ந்த கார்பனை மாற்றாமல் ஓட்டினால் ஆர்மேச்சர் போகும். காயில் கட்டக் கொடுத்தால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டு வயரும் முக்கியம். 1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். டிவிக்குப் போட்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சுடும், மோட்டார் திணறும்.

பேச்சு முடிகிற நேரத்தில் ஆசாரி இருமினார். தகரத்தின் மேல் மரத்தூள் படிந்து கிடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்துவிட்டது; மூக்கின் உட்பகுதியைத் தாக்கும் நோய் அது. நாற்பது வருடம் அவர் மாஸ்க் போட்டதில்லை. இனியாவது போடுங்கள் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பையனின் பட்டியலில் மாஸ்க்கும் காது மூடியும் இல்லை. இரண்டையும் ஆசாரியே சேர்க்கச் சொன்னார். கழுத்துத் துண்டோடும் தொங்கும் வேட்டியோடும் மெஷின் பக்கம் வரக் கூடாது, பிளக்கைப் பிடுங்காமல் பிளேடைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

பதினொன்று இரண்டாகக் குறைந்தது: ஒரு டிரில், ஒரு சர்க்குலர் சா. மிச்சக் காசில் நான்கு கிளாம்ப், ஒரு 60 பல் பிளேடு, இரண்டு பெட்டி மாஸ்க். ஒரு பெட்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசாரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் இரும்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் மர பிளேடு மாட்டியிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.