ஆளில்லாத அறையில் ஐந்து ஃபேன்

போன மாதம் ஒரு வேலையாக அப்பாவுடன் வெளியூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். அறையில் ஒருவரும் இல்லை. ஐந்து ஃபேன், ஆறு டியூப்லைட் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தன! அணைக்கப் போனேன். "சும்மா இருடா, நமக்கெதுக்கு வம்பு" என்று அப்பா கையைப் பிடித்துவிட்டார். வீட்டில் ஒரு லைட் வீணாக எரிந்தாலே சத்தம் போடுகிற அதே அப்பா!

விராலிமலை பஸ்ஸில் கணக்குப் போட்டேன். ஃபேன் 75 வாட், டியூப்லைட் 40 வாட். மொத்தம் 615 வாட். ஒரு மணி நேரத்தில் அரை யூனிட்டுக்கு மேல் போச்சு.

"அது யாரு காசுப்பா?"

"கவர்மெண்ட் காசு."

"கவர்மெண்டுக்கு ஏது காசு?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனதால் 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கியது. மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். ஊர் பில்லைத் தங்க வீட்டு பில்லா நினைச்சிருக்காங்க!

மறுநாள் பிரேயருக்குப் பாதி தூரம் போனபிறகுதான் ஞாபகம் வந்தது, எங்கள் வகுப்பு ஃபேன் சுற்றுகிறதே! திரும்பி ஓடினேன். அன்றைக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.