துவக்கின் உதையும் தோள் திண்டும்

துவக்குப் பிடங்கின் பின்முனையில், தோளில் படும் இடத்தில் பொருத்தப்படும் ரப்பர்த் துண்டுதான் தோள் திண்டு. வெடிக்கும்போது துவக்கு பின்னோக்கி உதைக்கும். அந்த உதையைத் தோள் தாங்கும்படி செய்வது இதன் வேலை. இலங்கை மலைநாட்டின் வலப்பனைப் பகுதியில் போஞ்சி, உருளைக்கிழங்கு, நெல் பயிரிடுகிறவர்களுக்கு இது வேட்டைக்காரரின் ஆடம்பரப் பொருள் அல்ல. அறுவடை நெருங்கும் காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு பாத்தியையே உழுதுவிட்டுப் போகும். பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் துவக்கை எடுத்துக்கொண்டு இரவில் காவல் இருக்கிறவரின் தோள்தான் ஒவ்வொரு வெடிக்கும் விலை கொடுக்கிறது.

அந்தத் துவக்கு பெரும்பாலும் 12 போர். ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமன் வருமோ, அதுவே குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். 32 கிராம் ஈயச்சன்னம் வினாடிக்கு 400 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொண்டால், 3.2 கிலோ எடையுள்ள துவக்கு வினாடிக்கு 4 மீற்றர் வேகத்தில் பின்னால் வரும். துவக்கின் எடை 2.5 கிலோ என்றால் அந்த வேகம் 5 மீற்றரைத் தாண்டிவிடும். வெடிமருந்தின் வாயு தரும் தள்ளல் இதற்கு மேல். தூக்க இலகுவாக இருக்கிறது என்று ஒற்றைக்குழல் துவக்கை விரும்புகிறவர்கள் தோளில் அதிகம் வாங்கிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

ரப்பர்த் திண்டு தோன்றுவதற்கு முன்பும் உதை இருந்தது. அன்று அதற்கு இருந்த மருந்து எடைதான். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நான்கு அவுன்ஸ் குண்டு சுடும் ரைபிள் ஒன்றை யானை வேட்டைக்கு வைத்திருந்தார். குண்டு மட்டும் 113 கிராம். ரைபிளின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரை கிலோ. அத்தனை இரும்பும் மரமும் சேர்ந்துதான் உதையை விழுங்கின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் சில்வர் கம்பனியின் ரப்பர்த் திண்டு வேட்டைக்காரர்களிடையே பெயர் பெற்றது. அதே காலத்தில், 1876இல், கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் இலங்கையின் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன.

திண்டு உதையை இல்லாமல் ஆக்குவதில்லை. அது இரண்டு காரியம் செய்கிறது. துவக்கு நின்றுபோக எடுக்கும் நேரத்தைச் சற்று நீட்டுகிறது; தோளில் விழும் அடியை அகன்ற பரப்பில் பரப்புகிறது. இரும்புத் தகடோ கொம்புத் தகடோ பூட்டிய பிடங்கில் அடி முழுவதும் ஒரு விளிம்பில் விழும். மறுநாள் அந்த இடத்தில் நீலம் பாரித்திருக்கும். வலியைவிட மோசமானது அதன் பின்விளைவு. அடி வாங்கப் பழகிய உடம்பு விசையை அழுத்தும் கணத்திலேயே சுருங்கும், கண் மூடும், குழல் நகரும். குறி தவறிச் சன்னம் வயிற்றில் பட்ட பன்றி உடனே சாவதில்லை; இரத்தம் ஒழுக ஓடித் தேயிலைச் செடிக்கடியில் படுத்துக்கொள்கிறது. விடிந்தபின் அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கூடையைச் சுமந்தபடி அதன் முன்னால் போய் நிற்க நேரலாம். தோள் திண்டைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாதது இதனால்தான்.

தேர்ந்தெடுக்கும்போது பலரும் முதலில் மென்மையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது நீளம். விசையிலிருந்து பிடங்கின் பின்முனை நடுவரை உள்ள தூரம் பெரும்பாலான துவக்குகளில் 14 அங்குலத்தை ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஓர் அங்குலத் திண்டை ஒட்டினால், உயரம் குறைந்தவரின் தோளில் அது பதியாமல் கையை நோக்கிச் சறுக்கும். துவக்கைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்ததும், பிடியைச் சுற்றிய பெருவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருந்தால் நீளம் சரி. மலைநாட்டில் இதை அளக்கும்போது காவலுக்குப் போகும் உடையிலேயே அளக்க வேண்டும். ராத்திரிக் குளிரில் ஸ்வெட்டரும் மேலே கோட்டும் போட்டவரின் தோள், பகலில் சட்டையோடு நிற்கும் தோளைவிட அரை அங்குலமாவது முன்னால் வந்துவிடும்.

அடுத்தது மேற்பரப்பு. ஒட்டும் தன்மையுள்ள மென் ரப்பர் கம்பளியில் பிடித்துக்கொள்ளும். பன்றி பாத்தியைக் கடக்கும் இரண்டு வினாடியில் துவக்கு பாதி வழியில் நின்றுபோகும். மேல்முனை வழுவழுப்பாகவும் உருண்டும் இருப்பதே நல்லது. தோல் போர்த்திய பழைய பாணித் திண்டு இந்த ஒரு காரணத்துக்காகவே இன்றும் மதிக்கப்படுகிறது. மென்மையைக் கடைசியில் சோதிக்கலாம்: பெருவிரலால் அழுத்தியதும் அடிப்பலகை தட்டுப்பட்டால் அது உதையைத் தாங்காது, அசையவே இல்லை என்றால் தகடு பூட்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சோர்போதேன் போன்ற செயற்கைப் பொருளில் வரும் திண்டு மெதுவாக அமுங்கி மெதுவாக எழும். விலை கூடுதல், மெல்லிய உடம்புக்காரருக்கு அந்தச் செலவு தகும். காலுறைபோல மாட்டிக் கழற்றும் வகை அவசரத்துக்கு உதவும், ஆனால் நீளத்தைக் கூட்டிவிடும்.

பொருத்தும் வேலையை அருகிலிருந்து பார்த்தால் இது பாதி மரவேலை என்று விளங்கும். துவக்கு திருத்துகிறவர்கள் முதலில் துவக்கைத் திறந்து குழல் வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைகளைக் கடின மர ஆப்பும் பசையும் வைத்து அடைக்கிறார்கள். திண்டின் தடிப்பு அளவுக்குப் பிடங்கை அறுக்கும்போதுதான் கைத்திறன் தெரியவரும்: கோணம் சற்றுப் பிசகினாலும் கீழ்முனை நெஞ்சில் குத்தும். திண்டின் முகத்தில் பிளேட்டால் இரண்டு சிறு கீறல் போட்டு, சோப்பு நீர் தடவிய ஸ்க்ரூ டிரைவரை அதற்குள் நுழைத்துத் திருகாணியை முடுக்குகிறார்கள். ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுத்ததும் கீறல் தானே மூடிக்கொள்ளும். எங்கே இருந்தது என்று தேடினாலும் தெரியாது. திண்டு பிடங்கைவிடப் பெரிதாகவே வரும். மரத்தில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, விளிம்பைக் கோடிட்டு, கழற்றிச் சாணையில் தேய்த்து, கடைசியில் அரத்தாளால் விரல் ஓட்டி ஓட்டி மரமும் ரப்பரும் ஒரே வரியில் சேரும்வரை இழைக்கிறார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் அவசரப்பட்டவர் வேலை தூரத்திலிருந்தே தெரியும்.

இந்த வேலைக்குத் துவக்கைக் கொடுக்குமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும்; அதை வருடந்தோறும் புதுப்பிக்கவும் வேண்டும். துவக்கு திருத்துகிறவருக்கும் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டே ஒப்படைக்க வேண்டும்.

பொருத்திய திண்டுக்கும் ஆயுள் உண்டு. இயற்கை ரப்பருக்குத் துவக்கு எண்ணெய் ஆகாது, ஊறிப் பருத்துவிடும். வெயிலும் காற்றும் அதை வெடிக்க வைக்கும். மாதக்கணக்கில் பிடங்கைத் தரையில் ஊன்றிச் சுவரில் சாய்த்து வைத்தால் மென்மையான திண்டு ஒரு பக்கம் அமுங்கி அப்படியே நின்றுவிடும். ஆகவே எண்ணெய் துடைத்த துணி திண்டில் படக்கூடாது, துவக்கின் பாரமும் அதன்மேல் நிற்கக்கூடாது. நகத்தால் அழுத்தித் தடம் விழாத அளவுக்கு இறுகிப்போன திண்டைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டுக்கொள்ளுங்கள்.