ஏறாத படம்

2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையின் வருகைப்பதிவை என்.எம்.எம்.எஸ். செயலி வழியாகச் செய்வதை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. காலையில் ஒரு படம், பிறகு இன்னொரு படம். என் பெரியம்மா ஏரியில் மண் வெட்டிய ஒரு நாள், சிக்னல் கிடைக்காமல் இரண்டாவது படம் ஏறவில்லை. அவர் வேலைக்கே வரவில்லை என்று பதிவானது. கூலியும் போயிற்று.

“வெட்டுன குழி அங்கதானடி கெடக்கு, வந்து பாக்கச் சொல்லு” என்றார்.

வீட்டில் பெண்கள் செய்யும் வேலை எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. ஏட்டில் ஏறி, ஆணுக்குச் சமமான கூலியும் தந்த வேலை இது. அதையும் ஒரு செல்பேசி இல்லாமலாக்கிவிடுகிறது.

2005ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி தரச் சொன்னது. கணக்கைக் கேள்வி கேட்கக் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையும் தந்தது. கருவி பழுதானால் நட்டம் கருவியை வைத்தவருக்கே சேர வேண்டும், மண்வெட்டி பிடித்தவருக்கு அல்ல.

பெரியம்மாவின் குழுவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, இடம், வந்தவர்கள் கையெழுத்து. ஒருத்திக்கு மற்றவர்கள் சாட்சி. அடுத்த தணிக்கையில் அது பேசும்.